தென்னாப்பிரிக்காவில் வனவிலங்கு மருத்துவப் பயிற்சி: மூன்றரை லட்சம் கொடுத்துப் போகலாமா?

வெள்ளாட்டுப்பிரியன்:

வணக்கம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் ஆடும் கறவை மாடும் உண்டு. இதுவரை நான் கையால் தொட்ட காட்டு விலங்கு எங்கள் ஊர்க் கிணற்றில் விழுந்த ஒரு புள்ளிமான் மட்டும்தான். கிணற்றைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. வலை போட்டுத் தூக்கினோம். மறுநாள் அது செத்துப்போனது. வெளிக்காயம் எதுவும் இல்லை. ஏன் செத்தது என்று அன்று யாரும் சொல்லவில்லை.

தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கென்று மூன்று வார வனவிலங்குப் பயிற்சி என ஒரு விளம்பரம் பார்த்தேன். காண்டாமிருகம், சிங்கம், காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி என்று எல்லாவற்றையும் மயக்கிச் சிகிச்சை அளிப்பதில் பங்கு பெறலாம் என்கிறார்கள். கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ஆகும். அப்பா நகைக்கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அம்மாவுக்கு அரை மனம்தான். விளம்பரப் படத்தில் ஒரு மாணவி மயங்கிக் கிடக்கும் சிங்கத்தின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அங்கே மாணவர்களுக்கு உண்மையில் என்ன வேலை தருகிறார்கள்? வனத்துறை வேலைக்கு அந்தச் சான்றிதழ் உதவுமா? அவ்வளவு பணத்துக்கு அது தகுமா?

கூடலூர் டாக்டரம்மா:

தம்பி, முதலில் அந்தப் படத்தைப் பற்றி. சிங்கத்தின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறவர் எந்தச் சத்தத்தையும் கேட்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் தூங்குவார்.

நானும் மாணவியாக இருந்தபோது போனவள்தான். குரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டி வரிசையாகத் தனியார் காப்பகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வேலை செய்யும் ஒரு மருத்துவரோடு பாதி நாட்கள் சுற்றினேன், மீதி நாட்கள் எல்லைக் கிராமங்களில் மாடு பார்த்தேன். இப்போது கூடலூரில் மாடும் நாயும் பார்க்கிறேன். வனத்துறை கூப்பிட்டால் காட்டுக்கும் போகிறேன்.

மாணவர் கையில் மயக்க ஊசித் துப்பாக்கி வராது, வரவும் கூடாது. அங்கே பெரிய விலங்குகளுக்குப் பயன்படுவது எட்டார்ஃபின். மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம் கொண்டது. இரண்டு டன் எடையுள்ள வெள்ளைக் காண்டாமிருகத்தைச் சாய்க்கச் சில மில்லிகிராம் போதும். அதில் ஒரு துளி தோலின் கீறல் வழியே உள்ளே போனால் மனிதருக்கு மூச்சு நின்றுவிடலாம். ஆகவே முதல் நாள் பாடம் விலங்கைப் பற்றியே இல்லை. மருத்துவர் மாற்று மருந்துப் பெட்டியைத் திறந்து எங்கள் முன்னால் வைத்தார். "நான் விழுந்தால் இந்தக் குப்பி, இந்த ஊசி, இவ்வளவு. நான் மூச்சு விடும்வரை நிறுத்தாதீர்கள்" என்றார். ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். கையுறையும் முகக்கவசமும் போட்டு, பக்கத்தில் ஓர் ஆள் நின்ற பிறகுதான் மருந்தை ஊசிக்குள் ஏற்றினார். வேலை தெரிந்தவர் அப்படித்தான் இருப்பார். இந்த ஒத்திகை இல்லாமல் உங்களை வண்டியில் ஏற்றுகிற ஆளிடமிருந்து அன்றே திரும்பி வந்துவிடுங்கள்.

காண்டாமிருகத்தின் கொம்பு வெட்டும் வேலையைச் சொல்கிறேன், மாணவர் வேலை என்னவென்று விளங்கும். 2014ஆம் ஆண்டில் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்களைக் கொம்புக்காகக் கொன்றார்கள். கொம்பு இல்லாத விலங்கைத் தேடி எவனும் உயிரைப் பணயம் வைக்க மாட்டான் என்ற கணக்கில்தான் காப்பகங்கள் வெட்டுகின்றன. கொம்பு நகம் போன்ற பொருள், வளரும் அடிப்பகுதியை விட்டு மேலே வெட்டினால் வலி இல்லை. திரும்ப வளரும், அதனால் ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் வெட்ட வேண்டும்.

விடியற்காலையில் ஹெலிகாப்டர் எழும். மருத்துவர் மேலிருந்து புட்டத்தில் ஊசியைச் செலுத்துவார். நாங்கள் கீழே வண்டியில் வானொலியைக் கேட்டபடி காத்திருப்போம். ஐந்தாறு நிமிடத்தில் விலங்கின் நடை மாறும். முன்கால்களைக் குதிரைபோல உயர்த்தி உயர்த்தி வைக்கும். பிறகு ஏதாவது ஒரு முட்புதரில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றுவிடும். அப்போது ஓட வேண்டும். கண்ணில் துணி, காதுகளில் பஞ்சு அடைத்த காலுறை. உடனே காது இரத்தக் குழாயில் பூட்டார்ஃபனால். அது மயக்கத்தை முழுதாகக் கலைக்காது, மூச்சை மட்டும் ஓரளவு மீட்டுத் தரும். வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு எட்டார்ஃபின் கொடுத்தால் உடல் நடுங்கும், இரத்த அழுத்தம் ஏறும், இரத்தத்தில் ஆக்சிஜன் விழும். காதில் மாட்டிய ஆக்சிமீட்டர் எழுபதுக்குக் கீழே எண் காட்டியதை என் கண்ணால் பார்த்தேன். கிளினிக்கில் ஒரு நாய்க்கு அப்படிக் காட்டினால் நாம் அலறியிருப்போம். அங்கே மருத்துவர் மூக்கில் ஆக்சிஜன் குழாயைச் செருகிவிட்டு, "அடுத்த எண்ணைச் சொல்" என்றார், அவ்வளவுதான்.

என் வேலை மூச்சை எண்ணுவது. மூக்குத் துவாரத்தின் முன்னால் புறங்கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சூடான, ஈரமான காற்று, மென்று முடிக்காத புல்லின் வாசனை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளி இருக்கிறதே, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நிமிடத்துக்கு ஏழோ எட்டோதான் வரும். எட்டாவது வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் நம் மூச்சும் நிற்கும். இன்னொருவர் மலக்குடலில் வெப்பமானி வைத்திருந்தார், ஒருவர் தண்ணீர் ஊற்றினார், ஒருவர் நேரத்தைச் சொல்லிச் சொல்லி எழுதினார். அதற்கு நடுவே விசை ரம்பம் ஓடும், முடி கருகிய நாற்றம் வரும். வெள்ளை வெள்ளையாகச் சீவல் பறக்கும். கீழே விரித்த தார்ப்பாயில் விழுந்த சீவல்களை ஒன்று விடாமல் பொறுக்கிப் பையில் போடுவார்கள், ஏனென்றால் அதற்கும் கள்ளச்சந்தையில் விலை உண்டு. கொம்பில் அடையாளச் சில்லு பொருத்தி, எடை பார்த்து, துப்பாக்கி ஏந்திய காவலோடு வேறு வண்டியில் அனுப்பிவிடுவார்கள். கடைசியில் நாங்கள் எல்லோரும் வண்டிக்குத் திரும்ப, மருத்துவர் தனியாகப் போய் மாற்று மருந்தான நால்ட்ரெக்சோனை ஏற்றுவார். ஒன்றிரண்டு நிமிடத்தில் எழுந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும்.

ஊசி அடிப்பது இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. விழுந்த பிறகு வரும் அரை மணி நேரம்தான் வனவிலங்கு மருத்துவம், அந்த அரை மணியில் மாணவருக்கு உண்மையான இடம் உண்டு.

ஒவ்வொரு விலங்கும் விழுந்த பிறகு வேறு மாதிரி சாகும், மன்னிக்கவும், வேறு மாதிரி சாகப் பார்க்கும். யானைக்கு நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருக்கும். நெஞ்சை ஊன்றி விழுந்தால் மூச்சு முட்டும், உடனே பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். தும்பிக்கை நுனி மடங்கி அடைத்துக்கொள்ளாமல் ஒரு குச்சியைக் குறுக்கே வைப்பார்கள். ஒட்டகச்சிவிங்கி இதற்கு நேர்மாறு. அதை மயக்கத்திலேயே வைத்திருக்க முடியாது. விழுந்த கணமே மாற்று மருந்தை ஏற்றிவிட்டு, கண்ணைக் கட்டி, கழுத்தின் மேல் ஆட்கள் உட்கார்ந்து பிடிக்க வேண்டும். முழு நினைவோடு இருக்கும் அந்தக் கழுத்து ஒருமுறை உதறினால் நாலு பேர் சிதறுவார்கள். நான் அதில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தேன். கம்பீரமான காட்சி அல்ல.

உங்கள் கிணற்று மானுக்கு வருகிறேன். துரத்தப்பட்ட, பிடிபட்ட விலங்கின் தசைகள் அளவுக்கு மீறிய உழைப்பாலும் பயத்தாலும் உடைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கும். உடல் சூடு ஏறும், இரத்தம் அமிலமாகும், சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ செத்துவிடும். பெரும்பாலும் உங்கள் மான் அப்படித்தான் போயிருக்கும். கண்ணைக் கட்டியிருந்தால், கூட்டத்தை விலக்கியிருந்தால், சீக்கிரம் விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். அங்கே இம்பாலா மான்களைக் கூட்டமாகப் பிடிக்க 1960களில் யான் ஊலோஃப்சே என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் பிளாஸ்டிக் திரைகள், போகப் போகக் குறுகும் பாதை. திரைக்கு அப்பால் தெரியாததால் அதைச் சுவர் என்று நம்பி மான்கள் மோதாமல் போகும். கம்பி வலையாக இருந்தால் கழுத்து ஒடிந்திருக்கும். வெயில் ஏறினால் வேலையை நிறுத்திவிடுவார்கள், பாதி மந்தை இன்னும் வெளியில் இருந்தாலும் சரி.

இனி, எந்த விளம்பரத்திலும் வராத பகுதி. குரூகர் காட்டெருமைகளிடம் கோமாரி நோய்க் கிருமி இருக்கிறது. அவை நோயில்லாமல் சுமக்கும். யானை வேலியை உடைக்கும், காட்டெருமை வெளியே வரும், கிராமத்து மாட்டுக்கு நோய் வரும். அதனால் எல்லைக் கிராமங்களில் வாரந்தோறும் எல்லா மாடுகளையும் உண்ணிக் குளியல் தொட்டிக்கு ஓட்டி வந்து காட்ட வேண்டும். விடியும்போதே சிறுவர்கள் மந்தையோடு வந்து நிற்பார்கள். குறுகலான அடைப்புக்குள் ஒவ்வொரு மாடாக வரும். வாயைத் திற, நாக்கைப் பார், ஈறைப் பார், குளம்பைப் பார், அடுத்தது. கொப்புளம் ஒன்று தெரிந்தால் போதும், அந்த வட்டாரத்தில் மாடு விற்பதும் நகர்த்துவதும் நின்றுவிடும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட மாட்டை விற்கக் காத்திருந்தவர் என்ன செய்வார்? பூங்காவின் பெருமை யாருடைய தலையில் ஏறி நிற்கிறது என்று எனக்கு அந்தத் தொட்டிக் கரையில்தான் விளங்கியது. காசநோய் எதிர்த் திசையில் போனது. நாட்டு மாட்டிலிருந்து காட்டெருமைக்குப் போய், 1990இல் குரூகரின் தெற்குப் பகுதியில் கண்டுபிடித்தார்கள், அந்தக் காட்டெருமையைத் தின்ற சிங்கங்களுக்கும் வந்தது. மசினகுடியில் முதுமலை ஓரமாக மேயும் மாட்டைப் பார்க்கும் எனக்கு இன்றைக்கும் அன்றாடம் பயன்படுவது இதுதான்.

எனவே பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: நான் பார்க்கப்போகும் ஒவ்வொரு விலங்கையும் அன்றைக்கு எதற்காக மயக்குகிறீர்கள், நாங்கள் வராவிட்டாலும் மயக்குவீர்களா? மயக்கம் எப்போதும் ஆபத்து. மாணவர்கள் படம் எடுப்பதற்காக ஒரு விலங்கை அந்த ஆபத்தில் தள்ளுகிறவர் மருத்துவராக இருந்தாலும் அவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம். வேறு பயன் இல்லை.

ஓய்வுபெற்ற யானை வைத்தியர்:

டாக்டரம்மா நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் தம்பி, நகைக்கடன் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

அங்கே கற்கும் முறைகளில் பாதி இங்கே நடக்காது. சவன்னாவில் ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் விலங்கு தெரியும். நம் காட்டில் மரத்தின் தலைதான் தெரியும். நாங்கள் நடந்து போய், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, கைக்கெட்டும் தூரம்போல நெருங்கித்தான் ஊசி போட்டோம். எட்டார்ஃபின் எங்கள் கைக்கு எளிதில் வந்ததில்லை. சைலசின், கெட்டமின், அவ்வளவுதான். யானையை முழுதாகப் படுக்க வைப்பதும் நம் வழக்கம் இல்லை. நின்றபடியே அரைமயக்கத்தில் வைத்துக் காலில் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் கும்கிகளை நிறுத்தி, லாரிக்குத் தள்ளுவோம். 2023 ஜூனில் தேனிப் பக்கம் அரிக்கொம்பனைப் பிடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சரிவு, இருட்டு, வேடிக்கை பார்க்கும் கூட்டம். அங்கே மருத்துவருக்குக் கண்ணும் காதும் பாகன்தான். கும்கி தும்பிக்கையை எப்படி வைத்திருக்கிறது என்பதைப் பார்த்தே காட்டு யானையின் மயக்கம் எவ்வளவு ஆழம் என்று சொல்லும் பாகன்களை எனக்குத் தெரியும். அதைக் கற்க டிக்கெட் வேண்டாம். தெப்பக்காடு யானைகள் முகாமுக்குப் பஸ் போகிறது.

வெளிநாட்டு அனுபவம் அப்படியே இறக்குமதி ஆகாது என்பதற்குச் சிவிங்கிப்புலிகளே சாட்சி. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு, மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு வந்தன. அவற்றின் உடம்பு தெற்குப் பூமியின் பருவத்தைக் கணக்கு வைத்திருந்தது. ஜூன் வந்தால் குளிர் என்று ரோமத்தை அடர்த்தியாக்கியது. இங்கே அப்போது மழைக்காலம். நனைந்த ரோமம், அதன் மேல் கழுத்துப் பட்டை, அடியில் புண், புண்ணில் புழு. சில அதனாலேயே செத்தன. பிறகு எல்லாவற்றையும் பிடித்துப் பட்டையைக் கழற்றினார்கள். அங்கே அந்தப் பட்டை வருடக்கணக்காகத் தொல்லை தராத பொருள்.

வேலை விஷயம்: என் காலத்தில் கால்நடை பராமரிப்புத் துறையிலிருந்து அயற்பணியில்தான் வனத்துறைக்குப் போனோம். முதலில் நல்ல மாட்டு மருத்துவர் ஆகுங்கள். வனவிலங்கு அறிவியலில் முதுநிலைப் படிப்பு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே இருக்கிறது. அந்த மூன்றரை லட்சத்தை அதற்கு வைத்துக்கொள்ளலாமே?

கூடலூர் டாக்டரம்மா:

ஐயா, ஹெலிகாப்டர் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பாகன்கள் பற்றிச் சொன்னதை இருமடங்காக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கை என்று ஒன்று இருக்கிறதே. நம் ஊரில் ஒரு மாணவர் படிப்பு முடியும்வரை மயக்கத்தில் உள்ள ஒரு பெரிய காட்டு விலங்கின் அருகே போவதே அபூர்வம். போனாலும் ஐம்பது பேருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். அங்கே குளிர்காலத்தில் ஒரே காலையில் அடுத்தடுத்து விலங்குகள் விழும். முதல் விலங்கில் கை நடுங்கும். அதன் பிறகு கண் பார்க்க ஆரம்பிக்கும்.

அவர்களும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அல்லர். 1960களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் உம்ஃபோலோசி காப்பகத்தில் வனக்காவலர் இயன் பிளேயரும் கால்நடை மருத்துவர் டோனி ஹார்ட்ஹூர்னும் வெள்ளைக் காண்டாமிருகங்களைப் பிடித்து இடம் மாற்றத் தொடங்கியபோது மருந்தும் அளவும் கண்டுபிடிக்கவே பல உயிர்கள் போயின. ஒரு காலத்தில் நூற்றுக்கும் கீழே இருந்த இனம் அந்த இடமாற்றங்களால்தான் வேறு காடுகளில் பரவியது. இன்றும் சோதிக்கிறார்கள். நமீபியாவில் கறுப்புக் காண்டாமிருகங்களைக் கால்களில் கட்டி ஹெலிகாப்டரில் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். அது மூச்சுக்குக் கெடுதலா என்று பன்னிரண்டு விலங்குகளை வைத்து அளந்து பார்த்ததில், பக்கவாட்டில் கிடப்பதைவிட ஆக்சிஜன் சற்றே மேலாக இருந்தது. 2021இல் அதற்கு, சிரிக்க வைக்கும் ஆய்வுகளுக்கென்று தரும் இக் நோபல் பரிசைக் கொடுத்து உலகம் சிரித்தது. சாலை இல்லாத மலையிலிருந்து ஒரு விலங்கை இறக்க வேண்டியவர் சிரிக்க மாட்டார்.

நகைக்கடன் பற்றி ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை.

லோவெல்ட் செவிலியர்:

நான் திருநெல்வேலிக்காரி. குரூகருக்குப் பக்கத்தில் உள்ள முபோம்பெலாவில் செவிலியராக இருக்கிறேன். விலங்கு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. விலங்கு பார்க்க வந்து எங்கள் வார்டில் படுப்பவர்களைப் பற்றித் தெரியும்.

ஜூன், ஜூலை என்றால் விடியற்காலை பத்து டிகிரிக்குக் கீழே போகும். திறந்த வண்டியில் காற்று எலும்பில் ஏறும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று அரைக்கை சட்டையோடு வந்து இறங்காதீர்கள். இந்தப் பகுதியில் மலேரியா உண்டு. மழைக்காலத்தில் அதிகம், குளிர்காலத்தில் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. தடுப்பு மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

உண்ணிக்கடிக் காய்ச்சல் இங்கே சகஜம். புல்லில் நடந்து திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்புப் பட்டை ஓரம், அக்குள் எல்லாம் பாருங்கள். கடித்த இடம் கருகிய பொட்டுப் போல இருந்து, தலைவலியும் காய்ச்சலும் வந்தால் டாக்சிசைக்ளினுக்குக் கேட்கும். வெறிநோய்த் தடுப்பூசி நீங்கள் கல்லூரியிலேயே போட்டிருப்பீர்கள், அட்டையைக் கொண்டு வாருங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது இன்னொன்று. நைரோபி, அடிஸ் அபாபா வழியாக வந்தால் மலிவு. ஆனால் அவை இருப்பது மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளில். அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசி அட்டை கேட்பார்கள், திரும்பும்போது இந்தியாவிலும் கேட்கலாம். அந்த ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். வளைகுடா வழியாக வந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

வெள்ளாட்டுப்பிரியன்:

எல்லோருக்கும் நன்றி. மான் பற்றி அக்கா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

விளம்பரக்காரர்களிடம் அக்கா சொன்ன கேள்வியை அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. ஐந்தாம் நாள் சிங்கம், ஒன்பதாம் நாள் ஒட்டகச்சிவிங்கி என்று அட்டவணை உறுதியாம். "ஒவ்வொரு குழுவுக்கும் விலங்கு நிச்சயம், ஏமாற்றம் இருக்காது" என்று எழுதியிருக்கிறார்கள். மாலை வேளைகளில் சிங்கக் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கும் வேலையும் உண்டாம். எதற்காக மயக்குகிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

என் சீனியர் ஒருவர் வழியாக இன்னொரு மருத்துவரின் முகவரி கிடைத்து அவருக்கும் எழுதினேன். ஒரு வாரம் கழித்து நாலே வரியில் பதில். எந்த விலங்கு என்று வாக்குக் கொடுக்க முடியாது, காட்டெருமைக் காசநோய்ச் சோதனையும் கொம்பு வெட்டும் வேலையும் அந்தப் பருவத்தில் இருக்கும், வேலை இல்லாத நாட்களில் கிராமத்து மாடுகள், தங்குமிடத்தில் சமையல் முறைவைத்து நாங்களே செய்ய வேண்டும். கட்டணம் முதலாவதில் பாதிகூட இல்லை. ஆனால் கல்லூரி முதல்வரின் கடிதம் இல்லாமல் எடுக்க மாட்டாராம். எது நல்லது?

கூடலூர் டாக்டரம்மா:

தம்பி, உங்களுக்கே தெரிந்துவிட்டது, என் வாயால் கேட்க ஆசைப்படுகிறீர்கள். முதலாவதை விட்டுவிடுங்கள்.

காட்டுச் சிங்கத்துக்கு அட்டவணை கிடையாது. இரவில் ஒரு செத்த விலங்கை மரத்தில் கட்டி, காட்டெருமைக் கன்று கதறும் ஒலியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, விளக்கை அணைத்து உட்கார வேண்டும். வந்தால் உண்டு. விடிய விடிய உட்கார்ந்து கழுதைப்புலிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதும் உண்டு. ஐந்தாம் நாள் நிச்சயமாகச் சிங்கம் என்றால் அது வேலிக்குள் வளர்கிற சிங்கம், போன குழுவுக்கும் அதுதான் விழுந்திருக்கும். புட்டிப்பால் குடிக்கிற குட்டிக்குத் தாய் எங்கே என்று கேட்டிருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் சிங்கப் பண்ணைகள் என்று ஒரு தொழில் இருக்கிறது. குட்டியைச் சீக்கிரமே பிரித்துவிட்டால் தாய் மறுபடியும் சினைப்படும். குட்டி கொஞ்சுவதற்கு, வளர்ந்தால் வேலிக்குள் வேட்டைக்கு, செத்தால் எலும்புக்கு. 2021இல் அந்நாட்டு அரசு அமைத்த நிபுணர் குழுவே இதை முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது. கடன் வாங்கி அதற்குப் பால் புட்டி பிடிக்கப் போக வேண்டாம்.

இரண்டாமவர் முதல்வரின் கடிதம் கேட்கிறார் பாருங்கள், அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. மாணவருக்குப் பொறுப்பு யார் என்று கேட்கத் தெரிந்தவர். காட்டெருமைச் சோதனையை அலட்சியமாக நினைக்காதீர்கள். மயக்கிக் கழுத்தில் காசநோய்ச் சோதனை மருந்தான டியூபர்குலின் போட்டு, 72 மணி நேரம் அடைப்பில் வைத்திருந்து, மறுபடியும் மயக்கித் தோலின் தடிப்பை அளக்க வேண்டும். பசுவுக்குச் செய்கிற அதே சோதனை, அளக்கும் கருவியும் அதேதான். வித்தியாசம், பசு உங்களைக் கொல்ல நினைக்காது.

ஐயா சொன்னபடி தெப்பக்காட்டையும் விட வேண்டாம். முன் அனுமதி வாங்கி அங்கே சில நாட்கள் இருந்துவிட்டு அதன் பிறகு விமானம் ஏறுங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கண் கிடைக்கும். செலவு குறைந்துவிட்டதால் நகைக்கடனில் கொஞ்சமாவது குறைக்கச் சொல்லி அப்பாவிடம் பேசுங்கள்.

போவதற்குள் செய்ய வேண்டியவை: இரத்த வாயு, அமில கார நிலை ஆகிய பாடங்களைத் திரும்பப் படியுங்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்தது அங்கே உதவாது. கல்லூரி மருத்துவமனையில் மயக்கத்தில் இருக்கும் எந்த விலங்குக்கும் கருவியைப் பார்க்காமல் கையை வைத்தே மூச்சு எண்ணிப் பழகுங்கள். காது இரத்தக் குழாயில் ஊசி ஏற்றிப் பழக வீட்டு ஆடுகள் போதும், அவை உங்களை மன்னிக்கும். இழுத்தால் அவிழும் முடிச்சு இரண்டு மூன்று கற்றுக்கொள்ளுங்கள். உடையில் வெள்ளையும் நீலமும் வேண்டாம், காக்கியோ பச்சையோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வகை விசா என்பதை மருத்துவரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டில் வனவிலங்கு வேலைக்கு விலக்கு இருக்கிறதா என்று சின்ன எழுத்தில் உள்ளதையும் படியுங்கள்.

முதல்வருக்கு எழுதும் கடிதத்தை அனுப்புவதற்கு முன் இங்கே போடுங்கள், நானும் ஐயாவும் பார்த்துத் திருத்தித் தருகிறோம்.